யூஜினா மூடிய ஊசிகள்

திறந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் யூஜினாவுக்குக் கை சும்மா இருக்காது. சீனிப் போத்தல், தண்ணிக் குடம், பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு, எதுவானாலும் போகிற போக்கில் மூடிவிட்டுத்தான் போவாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "எங்க அண்ணி பேசிக்கிட்டிருக்கவங்க வாயையே மூடிட்டுப் போற ஆளு" என்று அவள் நாத்தனார் பெற்றீசியா நையாண்டி பண்ணுவாள். யூஜினாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கோபித்துக்கொள்கிற சுபாவம் அவளிடம் இல்லை.

பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரே தோட்டம்தான். மேல் லயத்தில் பிறந்து கீழ் லயத்துக்கு மருமகளாகப் போனாள். நடந்தால் ஐந்து நிமிசம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஆறு வருசம் கொழுந்தெடுத்தாள். தோள்பட்டை கூடை தாங்க மாட்டேன் என்று அடம் பிடித்த பிறகு, தோட்டத்துக்கு மேலே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். புருசன் இக்னேசியஸுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. பிள்ளைகள் இரண்டு, இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவற மாட்டாள். இவ்வளவுதான் அவள் கதை என்று அவளே சொல்லுவாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவள் அரசாங்க ஆள் இல்லை, வெளி ஒப்பந்தக்காரர் ஒருவர் கூலிக்கு அனுப்புகிற கொந்தராத்து ஆள். கூடமாட நின்று ஒரே தரையைத்தான் துடைப்பார்கள், ஆனால் வித்தியாசம் உண்டு. அரசாங்க ஆட்கள் சேர்ந்தபோது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்கள், வகுப்பு வைத்தார்கள். இவளுக்கு அந்தக் கொந்தராத்துக்காரர் ஒரு துடைப்பமும் இரண்டு பச்சைச் சட்டையும் கொடுத்தார். சூப்பவைசர் முத்துலிங்கம் முதல் நாளே ஒரு புத்திமதியும் கொடுத்தார்: "ஆஸ்பத்திரிக்குக் கரைச்சல் குடுக்கிற ஆள் எனக்கு வேணாம். கரைச்சல் குடுத்தா அன்னைக்கே வீடுதான்." ஏழு வருசமாக யூஜினா யாருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலிக்குக் கீழே ஏழாம் நம்பர் மலை. வேலியை ஒட்டி முன்னே ஒரு குப்பைக் குழி இருந்தது. யூஜினா வேலைக்குச் சேர்ந்த வருசம் விடாமல் அடித்த மழையில் அந்தக் குழி நிரம்பி, உள்ளே கிடந்ததெல்லாம் தண்ணி ஓடுகிற கான் வழியே இறங்கித் தேயிலை நிரைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தச் சரிவில் செருப்புப் போட்டால் வழுக்கும். பொம்பளைகள் வெறுங்காலோடுதான் கொழுந்தெடுப்பார்கள். பெற்றீசியாவின் குதிகாலில் ஓர் ஊசி ஏறியது. கால் வீங்கி இரண்டு வாரம் பெரட்டுக்குப் பேர் கொடுக்கவோ வேலைக்கோ போகவில்லை. யாருடைய ஊசி, எந்த நோயாளிக்குப் போட்டது, ஒருத்தரும் கேட்கவில்லை, ஒருத்தரும் சொல்லவுமில்லை.

அந்தக் குழியை அப்புறம் மூடிவிட்டார்கள். பாவித்து முடிந்த ஊசியைப் போட்டுவைக்கக் கெட்டியான மஞ்சள் பெட்டிகள் வந்தன. பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் கட்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆனால் யூஜினாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியாவது கிட்டியாவது, இன்னொரு மழை வந்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே தட்டில், மேசையில், கட்டில் ஓரத்தில், எங்கே திறந்த ஊசியைக் கண்டாலும் மூடியைத் தேடிப் பிடித்து, இறுக்கி மூடி, அதற்குப் பிறகுதான் பெட்டியில் போடுவாள். 'நம்ம விரல்ல பட்டா படட்டும், அவளுங்க கால்ல ஏறக் கூடாது' என்பது அவள் கணக்கு. இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நல்ல மனசு செய்கிற தப்பைப் போலப் பொல்லாத தப்பு வேறில்லை. அதைத் தப்பென்று சொன்னால் நம்பவே நம்பாது.

இத்தனைக்கும் மருந்து கட்டுகிற அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கை ஊசியையும் இன்னொரு கை மூடியையும் பிடித்திருக்க, குறுக்கே சிவப்பில் பெரிய கோடு. பாவித்த ஊசியைத் திரும்ப மூடாதீர்கள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஒட்டியவள் நர்ஸ் நிஷாந்தி. அவள் மேல் லயத்துப் பிள்ளை. அந்தத் தோட்டத்தில் இருந்து நர்ஸாகப் போன முதல் ஆள். அவள் வேலைக்கு வந்த அன்று லயத்தில் பொங்கல் வைத்துக் கொண்டாடினார்கள். வார்டுக்குள் யூஜினா அவளை "மிஸ்" என்பாள், ரோட்டில் கண்டால் "தங்கச்சி" என்பாள். அந்தப் படத்தில் தூசி படியவிடாமல் தினமும் காலையில் துடைத்தவளும் யூஜினாதான்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆறாம் கட்டிலில் செல்லசாமி என்றொரு மனுசன், வட்டகொடைப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், காய்ச்சலோடு வந்து நாலு நாளாகப் படுத்திருந்தார். நிஷாந்தி அவரிடம் ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றி முடித்த நேரம் பார்த்து இரண்டாம் கட்டிலில் ஒரு கிழவருக்கு வலிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு அவள் ஓடினாள். மஞ்சள் பெட்டி அறையின் அந்தக் கோடியில் இருந்தது.

யூஜினா துடைத்துக்கொண்டே வந்தாள். தட்டில் திறந்த ஊசி. இடது கையில் மூடியை எடுத்தாள், வலது கையில் ஊசியை எடுத்தாள். தரை துடைக்கிற தடித்த ரப்பர் கையுறை. பிடி கொஞ்சம் வழுக்கியது. ஊசி மூடிக்குள் போகாமல் இடது கைச் சுட்டுவிரலுக்குள் போனது.

"ஸ்ஸ்" என்றாள், அவ்வளவுதான். ஊசியைப் பெட்டியில் போட்டாள். பின்கட்டுக்குப் போய் கையுறையைக் கழற்றி, விரலை நசுக்கி நசுக்கி ரத்தம் எடுத்தாள். தரைக்கு ஊற்றுகிற பிளீச்சைக் கொஞ்சம் விரலில் விட்டாள். எரிந்தது, எரிந்தால் நல்லதுதான் என்று நினைத்தாள். துணி கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வந்து விட்ட இடத்தில் இருந்து துடைத்தாள்.

வழக்கமாக அதோடு அது முடிந்துவிடும். அன்றைக்கு முடியவில்லை. ஐந்தாம் கட்டிலில் இருந்த ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அந்த ஆறாம் கட்டில்காரன் இருவது வருசம் கொழும்புல கெடந்தவனாம். பொண்டாட்டி பிள்ளையும் இல்ல, பாக்க வர ஒரு நாதியும் இல்ல. என்னென்ன சீக்கைக் கொண்டாந்திருக்கானோ" என்று யூஜினாவின் காதில் ஓதினார். யூஜினா துடைப்பதை நிறுத்திவிட்டாள். துணி கட்டின விரல் விண் விண் என்று தெறித்தது. பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது.

சொல்லலாமா? சொன்னால் எப்படிக் குத்தியது என்று கேட்பார்கள். மூடப் போனேன் என்றால், படத்தைத் தினமும் துடைக்கிறாயே கண் இல்லையா என்பார்கள். முத்துலிங்கம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார். ஊசியைத் தட்டில் விட்டுப் போன நிஷாந்தியையும் இழுப்பார்கள். தோட்டமே தலையில் வைத்துக் கொண்டாடின பிள்ளை. சொல்லாவிட்டாலோ, அந்த விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது? பன்னிரண்டரை மணி வரை வாளியையும் துடைப்பத்தையும் பிடித்துக்கொண்டு வார்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்தாள். அதற்குள் செல்லசாமிக்கு டிக்கெட் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அவர் சட்டை மாற்றி, துணிப் பையைக் கட்டி, ரெண்டு மணி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டால் அவர் ரத்தமும் போய்விடும். அது மட்டும் அவளுக்கு விளங்கியது.

கட்டில் காலைத் துடைக்கிற மாதிரிக் குனிந்து, "அண்ணே, ஒங்களுக்கு வேற ஏதும் வருத்தம் இருக்கா?" என்று கேட்டாள்.

"வேற வருத்தம்னா?"

"ரத்தத்துல."

செல்லசாமி அவளைப் பார்த்தார், துணி கட்டின விரலைப் பார்த்தார். "எனக்குப் போட்ட ஊசியா குத்திருச்சு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"யாருக்கிட்டயும் சொன்னியா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நல்ல பொம்பளம்மா நீ! எங்கிட்ட வந்து கேக்குறியே, என் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு எனக்கு என்ன கண்ணாடி போட்டா தெரியும்? போய் டொக்டர்கிட்ட சொல்லு. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துப் பாக்கச் சொல்லு."

"வேல போயிரும்ண்ணே."

"வேல போனா வேற வேல. போ தங்கச்சி. நீ போய்ச் சொல்ற மட்டும் நான் இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்டேன்." பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சட்டையோடு மறுபடி சாய்ந்துகொண்டார். அன்றைக்கு ரெண்டு மணி பஸ் அவர் இல்லாமல்தான் போனது.

யூஜினா போய்ச் சொன்னாள். நிஷாந்திக்கு முகம் செத்துவிட்டது. "எத்தனை தரம் சொன்னேன் யூஜினாக்கா, மூடாதீங்க மூடாதீங்கன்னு! அப்பிடியே விட்டுட்டு என்னையக் கூப்பிடக் கூடாதா?" என்று கத்தினாள். கத்தினபடியே அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், துணியை அவிழ்த்து, ஓடுகிற தண்ணியில் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். நசுக்கக் கூடாது, பிளீச் ஊற்றவே கூடாது, அது தோலைப் புண்ணாக்குமே தவிர ஒன்றையும் கொல்லாது என்று கழுவக் கழுவச் சொன்னாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. தட்டில் விட்டது தான்தானே என்பது அவளுக்கும் தெரியும்.

டொக்டர் சுலக்ஷனா கத்தவில்லை. ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்கு, எந்த விரல், எந்த நோயாளி. குத்தின முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்திருந்தால் ரொம்ப நல்லது, மூன்று நாளைத் தாண்டினால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரை பிரயோசனமில்லை, இப்போது வந்ததே மெத்த நல்லது என்றார். செல்லசாமியின் சம்மதத்தோடு அவர் ரத்தத்தையும் யூஜினாவின் ரத்தத்தையும் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "ஒங்க ரத்தத்த ஏன் எடுக்கிறோம்னா, இன்னைக்கு வரைக்கும் ஒங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுத்துல இருக்கணும்" என்றார் டொக்டர். மாத்திரையைக் கையோடு கொடுத்தார்கள், தடுப்பூசியின் முதல் தரமும் அன்றைக்கே ஏறியது. ஏழு வருசம் பிந்தி வந்தாலும் வந்துவிட்டது.

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. "இதுக்கு முன்னாடி எப்பவாவது குத்தியிருக்கா?"

யூஜினா விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு எட்டு ஒம்போது தரம் இருக்கும் டொக்டர்."

"ஒரு தரம்கூட சொல்லலையா?"

"ரத்தம் நின்னுருச்சே, எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற நிஷாந்தி குனிந்த தலை நிமிராமல் ரத்தக் குழாயில் பேர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை இக்னேசியஸ் விசயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். "ஒனக்கு என்னடி தலையெழுத்து, ஊரான் ஊசியைப் போய் மூடுறதுக்கு?" என்று ஏசினான். ஏசி முடித்துவிட்டு, அந்த விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மாத்திரை அவளுக்குக் குமட்டியது. மூன்றாம் நாள் செல்லசாமியின் முடிவு வந்தது. மனுசன் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, தங்கம். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். யூஜினா கோயிலுக்குப் போய் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினாள். ஐந்தாம் கட்டில்காரர் இன்னும் அங்கேயே கிடந்தார். அவரிடம் போய், "கொழும்புக்காரர் ரத்தம் சுத்தம், ஒங்க வாய்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

பத்தாம் நாள் டொக்டர் அவளைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"யூஜினா, ஒங்க ரத்தத்துல ஒண்ணு காட்டுது. ஹெபடைடிஸ் சி. ஈரலைப் பிடிக்கிற கிருமி."

"அந்த அண்ணனுக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

"அவருக்கு இல்ல. இது அந்தப் புதன்கிழமை வந்ததும் இல்ல. அன்னைக்குக் குத்தினது அன்னைக்கே ரத்தத்துல காட்டாது. இது பழசு."

யூஜினாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினதும், "எந்தத் தடவை?" என்று கேட்டாள்.

"அது யாருக்கும் தெரியாது. அன்னன்னைக்குச் சொல்லி எழுதியிருந்தா, யார் ஊசின்னு பார்த்திருக்கலாம், ஒங்களையும் அப்பவே பார்த்திருக்கலாம்."

சந்தேகம் தீர இன்னொரு தரம் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. மூன்று மாசம் மாத்திரை குடித்தால் அநேகமாக முழுசாகப் போய்விடும் என்றார் டொக்டர்; ஈரல் இன்னும் கெடவில்லை, நல்ல காலம். சமைக்கலாம், பிள்ளைகளைக் கொஞ்சலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். பிளேடும் பல் பிரஷ்ஷும் மட்டும் தனி. இக்னேசியஸையும் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த முடிவு வரும் வரைக்கும் யூஜினா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். தன்னைப் பற்றி அழாதவள், அந்தக் காகிதத்தைப் பார்த்தபிறகு பஸ் தரிப்பில் நின்று எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள்.

முத்துலிங்கத்துக்கு விசயம் எப்படியோ எட்டிவிட்டது. "நாளையில இருந்து வர வேணாம்" என்று போனில் சொன்னார். ஏழு வருசம் கரைச்சல் கொடுக்காத யூஜினா அன்றைக்கு வாயைத் திறந்தாள். "எங்க ஊட்டுல இருந்தா சேர் இதக் கொண்டு வந்தேன்? ஒங்க வேலையில வாங்கினது. ஒரு தடுப்பூசி போட்டீங்களா, ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தீங்களா? நான் வருவேன். நிப்பாட்டுறதுன்னா வந்து டொக்டர்கிட்ட பேசி நிப்பாட்டுங்க!" அவர் டொக்டரிடம் பேசத்தான் செய்தார். என்ன பேசினார்களோ, மறுவாரம் கொந்தராத்து ஆட்கள் பதினொரு பேரையும் தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கவைத்தார். ஊசிகளை மூடின கதையைப் பெற்றீசியா கேட்டு, "என் காலுக்கா இவ்வளவும், அண்ணி?" என்று கேட்டாள். யூஜினா போய்த் தண்ணிக் குடத்தை மூடினாள்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பின நாள், பத்து மணித் தேத்தண்ணிக்குப் பின்கட்டு அறைக்குப் போனாள். விசயம் கேள்விப்பட்ட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெஞ்சில் அவள் உட்கார்ந்ததும் இரண்டு பேர் கொஞ்சம் நகர்ந்தார்கள். அவளுடைய கோப்பையை யாரோ தனியாக ஜன்னலில் எடுத்து வைத்திருந்தார்கள். யூஜினா எழுந்துபோய் அதை எடுத்துக்கொண்டு வந்து மற்றக் கோப்பைகளோடு வைத்தாள்.

"தேத்தண்ணியில ஒட்டாது. ரத்தத்துலதான் ஒட்டும்" என்றாள். "அந்தப் புதன்கிழமை நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னைக்கும் ஒங்களோட ஒட்டி உக்காந்துதான் இருந்திருப்பேன். ஈரலை அது தின்னுக்கிட்டே இருந்திருக்கும், எனக்கும் தெரிஞ்சிருக்காது, ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. என்னையப் பாத்து நகர்றீங்களே, இப்ப சொல்லுங்க. இங்க ஊசி குத்தாத ஆளு யாரு?"

கூடத் துடைக்கிற பிரியந்தி தன் விரலைப் பார்த்தாள். அரசாங்க ஆள் ஒருவர் தேத்தண்ணியை ஊதினார், ஊத ஒன்றும் இல்லை, அது ஆறிப்போயிருந்தது.

கதவருகில் நிஷாந்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. உள்ளே வந்து, யூஜினாவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு தரம் யூஜினாக்கா" என்றாள். "ஒண்ணு படிக்கிற காலத்துல, ரெண்டு இங்க வந்து. நம்ம தோட்டத்துல இருந்து வந்த முதல் ஆளு, ஒழுங்கா ஊசி போடத் தெரியலைன்னு சொல்லிருவாங்களேன்னு மூணையும் மறைச்சுட்டேன். அந்தப் படத்தை ஒட்டினதே மூணாவது தரத்துக்கு அப்புறம்தான்."

யூஜினா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி" என்றாள், ஆஸ்பத்திரிக்குள்ளேயே.

நிஷாந்தி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். "டொக்டர் அறையில இருக்காங்க. தனியாப் போகப் பயமா இருக்குக்கா. கூட வாங்க."